நாங்கள் கிழித்த அட்டைப்படம்

அண்ணே,

இன்று வத்தலக்குண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பழனியில் முடியிறக்கிவிட்டு வருகிறாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன் சீட்டில் கொடைக்கானல் பார்க்கப் போகிற ஒரு அம்மாள் திரும்பி, "பாவம், இந்த வயசுலயா!" என்று உச்சுக்கொட்டினாள். எனக்குச் சுருக்கென்றது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே பஸ்ஸில் இதே கோலத்தில் நான் வந்திறங்கினேன். எங்க வீட்டுக்காரர் நிமோனியாவில் விழுந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்து எழுந்த வருஷம். பொம்பளைக்குப் பூமுடி கொடுத்தால் போதும், கொஞ்சம் நறுக்கினால் சரி என்றார்கள். நான் கேட்கவில்லை, முழு மொட்டையே போட்டேன். பெருமாள்மலையில் இறங்கி, நம் கடையில் அவர் டீத் தம்ளர் கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேனோ இல்லையோ, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே லாரிக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்த நீங்கள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். "அப்படியே நில்லு தாயி! சிரிப்பை மட்டும் நிப்பாட்டிராத!"

நீங்கள் வரைந்த அந்தப் படம் மெட்ராஸ் பத்திரிகையின் தீபாவளி மலருக்கே அட்டையாக வந்தது. நம் கடையில் விற்க வந்த மலர்க் கட்டைப் பிரித்த அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நீங்கள்தான் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். முடி வளர்ந்துவிட்ட என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மறுநாளே எஸ்டேட் கணக்குப்பிள்ளை மலரைப் பலகைமேல் விட்டெறிந்தார். "நல்ல நாளும் அதுவுமா மொட்டச்சி மூஞ்சியிலயா முழிக்கணும்?"

பழனிப் பக்கம் பிறந்தவர்களுக்கு மொட்டையும் சந்தனமும் வேண்டுதல்தான். வேற்றூர்க்காரர்களுக்குப் படத்திலிருப்பவள் தாலியறுத்தவளாகத் தெரிவாள் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பத்திரிகைக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தனவாம். ஆசிரியர் உங்களுக்கு எழுதினார்: படத்திலிருக்கும் பெண்ணே, தான் சுமங்கலி என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம், இல்லையேல் இனி உங்கள் படங்களை வாங்க இயலாது.

நீங்கள் அந்தக் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். எங்க வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நாலு ஊரு லாரிக்காரன் வந்து போற எடம்ணே. இவ பேரு புஸ்தகத்துல வந்தா நான் எப்படித் தலை நிமிந்து நிக்க?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கடைக்கு வருகிற பத்திரிகையெல்லாம் ஓசியில் படித்தவள் நான். இரண்டு வரி எழுதத் தெரியாதா?

"வேணாம்ணே" என்றேன்.

"சரி, விடு தாயி. மனசுல தோணுனதை வரைஞ்சேன்னு எழுதிப் போட்டுர்றேன்."

அதோடு நின்றோமா? மலர் விற்க வேண்டுமே என்று, மிச்சமிருந்த பிரதிகளின் அட்டையை நானும் அவருமாக உட்கார்ந்து கிழித்தோம். நீங்கள் வந்துவிட்டீர்கள். என் கையில் என் முகம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பாத்துக் கிழி தாயி, உள்ள கதையும் சேந்து வந்துறப் போகுது" என்றுவிட்டு டீ கேட்டீர்கள்.

ஒரு அட்டையை மட்டும் அரிசிப் பானைக்கடியில் ஒளித்துவைத்தேன். பிறகுதான் கவனித்தேன். கழுத்தோரம் சேலை விலகிய இடத்தில் மஞ்சள் கயிறு வரைந்திருக்கிறீர்கள். இத்தனை பேர் ஏசினார்களே, ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

மெட்ராஸிலிருந்து அப்புறம் கடிதமே வரவில்லை. பண்ணைக்காடு போய் லாரிக்கும் கடைகளுக்கும் எழுதியே காலத்தை ஓட்டினீர்கள். படம் போடச் சொன்னால், "மூஞ்சி வேணாம்யா, எழுத்துப் போதும்" என்பீர்களாம். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உங்களைப் பார்க்க வரவில்லை. என்ன ஜென்மம் நான்!

இன்று பஸ்ஸில் எனக்கு வாய் வந்தது, அண்ணே. "எதுக்கும்மா பாவம்? அது வேண்டுதல். நானும் மொட்டை போட்டவதான். எம் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்துப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்து, அதன் பின்பக்கம் எழுதினேன்: "படத்திலிருப்பவள் நான். நேர்த்திக்கடனுக்கு முடி கொடுத்தேன். என் கணவர் நலமாக இருக்கிறார்." கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.