முடக்கில் நின்ற கரடி

2025 ஜூன் 2

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். எங்கள் தெரு திரும்புகிற முடக்கில் சாக்கடைக் கான் மூடி உடைந்து ரோட்டில் குழி விழுந்த அன்றைக்கே சொன்னேன், இது ஒரு ஆளையாவது விழுங்காமல் விடாது என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று காலை ஜெஸீமின் ஆட்டோ முன்சக்கரம் உள்ளே போனது, அவன் வெளியே போனான். கணுக்காலில் கட்டு. ஆட்டோவைத் தூக்கி நிறுத்தியது நான்தான், ஒரு கையால். இன்னும் நாலு பேர் சும்மா தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

குழிக்கு எதிரேதான் நல்லம்மா வடை வண்டி போட்டிருக்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்கள் பட்டியலில் பேர் வெட்டுப்பட்ட பிறகு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு அந்த வண்டிதான். "அண்ணே, இந்தத் தெருவில சிங்களத்தில வாய் திறக்கிற ஆம்பளை நீங்க ஒருத்தர்தான். நகர சபைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்றாள். உள்ளதைத்தான் சொன்னாள். நான் மொனராகலைக்குக் கரும்பு லொறியில் போய்வந்த காலத்தில் சிங்களவர்களே என்னிடம் வந்து சிங்களத்தில் சந்தேகம் கேட்டுப் போவார்கள்.

ஜூன் 3

போன் போட்டேன். என் தங்கை மகள் விஜயலெட்சுமி, என் வீட்டிலிருந்து பதுளை மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறவள், "குடுங்க மாமா, நான் பேசுறேன்" என்றாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. கொடுக்கவில்லை.

"அப்பே பாரே லொகு வளஹெக் இன்னவா" என்றேன். எங்கள் ரோட்டில் பெரிய குழி இருக்கு. வள என்றால் குழி. அலுவலகத்தோடு பேசும்போது சொல்லைக் கொஞ்சம் இழுத்தால்தான் மரியாதை. அதனால் வளஹெக்.

அந்தப் பக்கம் பேசியவருக்கு மூச்சே நின்றுவிட்டது. இப்படி அக்கறையான அதிகாரியை நான் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிசு என்று கேட்டார். ரொம்பப் பெரிசு, ஒரே கறுப்பு என்றேன். எப்போதிருந்து? தைப்பொங்கல் மழையிலிருந்து. யாருக்கும் காயமா? நேற்று ஜெஸீமின் கால். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகிறதா? தினமும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்குதுகள் என்றேன்.

உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். பேசுகிற விதத்தில் பேசினால் வேலை நடக்கும்.

ஜூன் 5

வந்தார்கள். தாரும் கல்லும் இல்லை. ஜீப், கூண்டு, நீளத் துப்பாக்கி, ஒரு பெட்டி வெடி. வனஜீவராசி ஆட்கள். தெருவே கூடிவிட்டது.

விஜயலெட்சுமி என் காதுக்குள் சொன்னாள்: "மாமா, வலஹான்னா கரடி. நீங்க இழுத்த இழுப்பில அது வலஹெக் ஆயிருச்சு, ஒரு கரடி. அதுக்கு மேல 'இன்னவா' வேற. உசிருள்ளதுக்குத்தான் இன்னவா. குழிக்குத் தியனவா." தமிழில் குழியும் இருக்கு, கரடியும் இருக்கு. ஒரே இருக்கு. அவர்கள் ஏன் இரண்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஜீப்பில் வந்த பெரியவர், போன் பண்ணினது யார், கரடியைப் பார்த்தது யார் என்று கேட்டார். தெரு முழுக்க என்னைப் பார்க்கிறது. பார்த்தேன் என்றேன்.

பார்க்கவும்தான் செய்தேன். எழுத மறந்துவிட்டது. இரண்டாம் தேதி விடியற்காலை, பனிக்குள்ளே, முடக்கில் இரண்டு காலில் நின்றது. நெஞ்சில் வெள்ளை வளையம். நான் ஒரு பார்வை பார்த்தேன், அது திரும்பிப் போனது.

ஜெஸீம் நொண்டிக்கொண்டு வந்தான். "மாமா இத்தனை நாளும் வாயாலதான் கரடி விட்டீங்க. இப்ப ஜீப்பில வந்து தேடுறாங்க."

கால்தடம் ஏதும் கிடைக்கவில்லை. கரடி நடமாட்டம் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். நடுவதற்குக் கிண்ட வேண்டி வரவில்லை. குழி தயாராக இருந்தது. அதில் நட்டுக் கல் இறுக்கிவிட்டார்கள்.

ஜூன் 7

செத்துக் கிடந்த தெரு லைட் இரண்டும் எரிகிறது. கரடிக்காகச் சபை போட்டது. பலகை நிற்பதால் குழியில் யாரும் விழவும் இல்லை. இரண்டுக்கும் காரணம் யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஜூன் 10

பௌர்ணமி, போயா லீவு. சபை பூட்டு. கரடிக்கும் லீவு போல.

ஜூன் 12

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நல்லம்மா வண்டிக்குக் கீழே கிடந்த வடைத்தூளையும் தேங்காய்ச் சிரட்டையையும் பார்த்தார். இந்த வாசத்துக்குத்தான் கரடி இறங்குகிறது, திங்கட்கிழமைக்குள் வண்டி இங்கிருந்து போக வேண்டும் என்றார். அவர் போன பிறகு நல்லம்மா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அது எங்க வண்டிப் பக்கமாவா வந்திச்சு?"

பனியாக இருந்தது என்றேன்.

"வேற பக்கமா போச்சுன்னு சொல்லிருங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க. பார்த்தது நீங்கதானே."

என்னை நம்பித்தான் கேட்டாள். முகத்தில் கேலி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நல்லது.

ஜூன் 13

வேறு பக்கம் என்றால் எந்தப் பக்கம்? காலையிலிருந்து முடக்கில் நின்று பார்க்கிறேன். இடப்பக்கம் ஜெஸீமின் உம்மா கோழி வளர்க்கிறார். அங்கே என்று சொல்லலாமா என்று வாயெடுத்தேன். "எங்க உம்மா பக்கம் மட்டும் அனுப்பிராதீங்க மாமா, கூட்டைப் பிரிச்சிருவாங்க" என்றான், பக்கத்தில் நின்ற ஜெஸீம். மேலே கோயில், பொங்கல் படைக்கிற இடம். கீழே பள்ளிக்கூடம். கரடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு ஆளின் வாசலில் போய் நிற்கிறது.

சாயங்காலம் பரிசோதகருக்குப் போன் பண்ணி, கரடி மொனராகலைக் காட்டுக்கே திரும்பிப் போய்விட்டது என்றேன். "தீனி இருந்தா திரும்ப வரும். நீங்களும் கவனமா இருங்க" என்றார். தமிழில்தான் சொன்னார். நல்ல தமிழ்.

ஜூன் 15

நல்லம்மா வண்டியின் தகரத்தைக் கழற்றுகிறாள். ஆணி ஆணியாக. இங்கே வரைக்கும் கேட்கிறது.

இதில் நான் என்ன செய்ய முடியும். ரோடு போடுவது சபை, பலகை நட்டது அவர்கள், வண்டியை எடுக்கச் சொன்னது பரிசோதகர் — நான் ஒரு போன்தானே பண்ணினேன்? "மாமா, சோறு போடட்டுமா" என்று கேட்ட விஜயலெட்சுமி மேல் எரிந்து விழுந்தேன்.

ஜூன் 16

சபை திறக்க முன்னால் போய் நின்றேன். விஜயலெட்சுமி அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தாள். முறைப்பாடு எடுக்கிற மேசையில் இளையதம்பி என்ற யாழ்ப்பாணத்து ஐயா. "என்ன அண்ணை, கரடி திரும்ப வந்திட்டுதோ?" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"இல்லைங்க ஐயா. அது குழி."

"எது குழி?"

"கரடி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். விஜயலெட்சுமி வாய் திறக்கப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தி நானே சொன்னேன். இழுத்ததையும், அதனால் நல்லம்மா வண்டி போகப்போவதையும் சொன்னேன். எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது என்று, அந்த வரிசைக்கு முன்னால், தமிழில் சொன்னேன். ஒருவர் அதைச் சிங்களத்தில் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். இளையதம்பி ஐயா சிரிக்கவில்லை. "அப்ப அந்த மனுசிக்கு ஏன் வண்டியை எடுக்கச் சொன்னவை?" என்று கேட்டுவிட்டு, எழும்பி உள்ளே போனார்.

ஜூன் 19

பலகையைப் பிடுங்கினார்கள். குழியில் கல்லும் சீமெந்தும் போட்டு மூடி வைத்தார்கள். அரை நாள் வேலை. கரடி மூலையெது என்று வெளியாட்கள் கேட்டு வருகிறார்கள். ஜெஸீம் கை காட்டி என் வீட்டைக் காட்டுகிறான்.

நல்லம்மா வண்டி நிற்கிறது. தகரத்தைத் திரும்ப அடித்துவிட்டாள். போய் நின்றேன். இரண்டு வடையைத் தாளில் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "குழியில விழுந்திருந்தா எந்திரிச்சிருப்பேன்ணே. உங்க கரடிகிட்டேருந்துதான் தப்பத் தெரியல." அண்ணே என்றுதான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஐந்தாம் தேதி எழுதியதை அடித்துவிடலாம் என்று எடுத்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும். அந்த விடியற்காலை முடக்கில் கரடி நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. படுத்திருந்தேன்.