இன்றைக்கு வர வேண்டியவர்கள்

ஜூலை 7, திங்கள்

சாரல். மலை தெரியவில்லை. சனிக்கிழமை துவைத்த சுடிதார் இன்னும் ஈரம்.

இதை எழுதுவதற்கு ஒரு சின்ன மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் தன்னைப் பற்றித் தானே எழுதியவர் எவரும் இல்லை. அப்படி என்ன நடந்துவிட்டது என்று கூச்சம். வாய் திறந்து பேசத் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

வேலை: குற்றாலத்தில் ஒரு ரிசார்ட், ரிசப்ஷன். போன வருஷம் வரை அது லாட்ஜ். புது முதலாளி வந்ததும் பெயர்ப்பலகை மாறியது, சோபா மாறியது. அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. அறை கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றுவது. நான் பள்ளிக்கூடம் போகும்போதே சேர்ந்தாள். நான் பி.காம். முடித்ததும் பழைய முதலாளியிடம் கேட்டு என்னையும் சேர்த்துவிட்டாள்.

புது மேனேஜர் (இனி மே.) வந்த அன்றே சொன்னார்: "கெஸ்ட் முன்னால அம்மா கிம்மான்னு கூப்பிடக் கூடாது. டீசண்டா இருக்கணும்." அதிலிருந்து அங்கே நான் அம்மாவை "பேச்சியம்மா" என்கிறேன். அம்மா என்னை "மேடம்" என்கிறாள்.

வாங்க: சோப்பு, குடைக்குக் கம்பி, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஜூலை 9, புதன்

வெயிலும் சாரலும். 204-இல் குரங்கு புகுந்து சீப்பைத் தூக்கிப் போய்விட்டது. அந்த அறையில் தங்கியிருந்த பெண்மணி என்னிடம் சீப்பு கேட்டு ஒரே சண்டை.

புது ஏற்பாட்டை எழுதி வைக்கிறேன். அறை வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் இப்போது ஏஜென்சி ஆட்கள். மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை. கூப்பிடுகிற நாளுக்கு மட்டும் கூலி. விடியுமுன் மே. எனக்கு போன் செய்து எத்தனை பேர் என்று சொல்வார். நான் வாட்ஸ்அப் குழுவில் பெயர்களைப் போட வேண்டும். தலைப்பு: "இன்றைக்கு வர வேண்டியவர்கள்." யார் யார் என்பது என் பாடு. "நீ அமைதியான பொண்ணு. உன்கிட்ட யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க." பாராட்டு என்று நினைத்துவிட்டேன்.

பின்பக்கம் துணி காயும் இடத்தில் கேட்டது:

"அருவியில தண்ணி இல்லன்னா ஆளு வராது, நமக்குக் கூலி இல்ல. தண்ணி கூடினா குளிக்க விடமாட்டாவ, அப்பவும் கூலி இல்ல. அளவாக் கொட்டுன்னு அருவிக்கு யாருட்டி சொல்லுவா?"

"அருவியையும் ஏஜென்சியில சேத்துரச் சொல்லு."

ஒரே சிரிப்பு. பிறகு ஒரு குரல், மெதுவாக: "பேச்சியம்மாளுக்கு என்ன, மக கையில போன் இருக்கு."

சுவருக்கு இந்தப் பக்கம் நான், கையில் சாவிக்கொத்து.

ஜூலை 11, வெள்ளி

அம்மாவிடம் பட்டன் போன்தான். அவளுக்கு வாயால் சொல்ல வேண்டும். அடுப்படியில் நின்று கேட்டாள்: "இன்னிக்கு இருக்காட்டி?"

"இல்லம்மா."

"நேத்தும் இல்லியே."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு உளுந்து ஊறப்போட்டாள்.

ஜூலை 12, சனி

ராத்திரி முழுக்க மலையில் மழை. மெயின் அருவி, ஐந்தருவி எல்லாவற்றிலும் குளிக்கத் தடை. முன்பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக ரத்து. அதற்குள் நான் கூப்பிட்ட பெண்கள் வந்து யூனிஃபார்ம் மாற்றிவிட்டார்கள். அம்மாவும். மே. அறைக்குள்ளிருந்தே: "ரெண்டு பேர் போதும். மத்தவங்களைப் போகச் சொல்லு."

போய்ச் சொன்னேன். வந்ததற்காவது ஏதாவது உண்டா என்றார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியும். கிடையாது.

போர்ட்டிகோவில் அம்மா குடையை விரிக்கும்போது, கொல்லத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்து, அம்மாவா என்று மலையாளத்தில் கேட்டார்: "அம்மையாணோ மோளே? முகம் அதுபோலே."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா: "இல்ல சார். மேடம்."

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

தடை இல்லை. கூட்டம்.

பஸ்ஸில் செண்பக அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவோடு வேலைக்குச் சேர்ந்தவள், அம்மாவுக்கு நேர்மாறு. கண்டக்டரிடம்கூட சண்டை போடுவாள். தென்காசியில் தொழிற்சங்க ஆபீஸுக்குப் போய் வந்தாளாம். பெண்கள் பாதிப்பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"நீயும் வாட்டி."

"நான் ஸ்டாஃபுல்லா, அக்கா."

"அப்படின்னு யாரு சொன்னா?"

மே. சொன்னது. அக்காவிடம் சொல்லவில்லை.

இறங்கும்போது: "உங்க அம்மையத்தான் ரொம்ப நிறுத்துதே. எவளோ ஒருத்தி பேசினான்னு பெத்தவளைப் பட்டினி போடாத. நாங்க அதையா கேக்கோம்?"

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கும்தான்.

ஜூலை 15, செவ்வாய்

மே. ஒரு தாள் நீட்டினார். அடுத்த மாதத்திலிருந்து ரிசப்ஷனும் ஏஜென்சி. "சும்மா ஃபார்மாலிட்டி." படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "படிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?"

படித்தேன். அதில் மாதச் சம்பளம் என்ற சொல்லே இல்லை.

ஜூலை 16, புதன்

விடியுமுன் போன். "செண்பகம் பேரு இனிமே போடாத. காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். போடாத, அவ்வளவுதான்."

வேலையை விட்டு நீக்கக் கடிதம் வேண்டியதில்லை. விசாரணை வேண்டியதில்லை. என் விரல் போதும்.

போடவில்லை.

சிறிது நேரத்தில் அக்காவின் போன். பின்னால் பஸ் ஹாரன். டிபன் கட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, எம்பேரு விட்டுப் போச்சா, விடச் சொன்னாவளா?"

மூக்கை உறிஞ்சினேன்.

"சரி. அழாத. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வா."

காலையில் டீ குடிக்கவில்லை. நாள் முழுக்க "வெல்கம் சார்", "வெல்கம் மேடம்".

ஜூலை 18, வெள்ளி

லேசான தூறல். வேலை முடிந்து நேரே தென்காசி. சங்க ஆபீஸ், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று வாசலில் நின்றேன். ஒரு அண்ணாச்சி, "செருப்போடயே வாங்கம்மா, இது கோயில் இல்ல" என்றார். பிளாஸ்டிக் நாற்காலி, நின்றுபோன கடிகாரம்.

அண்ணாச்சி மழுப்பவில்லை. "கையெழுத்துப் போட்டா வேலை போகலாம். கேஸ் போட்டா இழுக்கும். ஜெயிப்போம்னு எழுதித் தர முடியாது." அதைக் கேட்ட பிறகுதான் பயம் கொஞ்சம் குறைந்தது. ஏனென்று தெரியவில்லை.

நானும் ஒன்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா "சத்தமாச் சொல்லு பிள்ள" என்றாள். மறுபடி: "பேரை எடுக்கச் சொன்ன போன் எனக்குத்தான் வந்தது. கேட்டா நான் சொல்லுதேன்."

யாரும் கைதட்டவில்லை. அண்ணாச்சி பேனாவை என் பக்கம் தள்ளினார்.

சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னதும், தட்டில் இட்லியை வைத்தாள்.

"உன்னை அந்த நாற்காலியில உக்கார வைக்கத்தான் நான் இத்தனை கக்கூசு கழுவினேன்."

"நாற்காலியும் ஏஜென்சிக்குப் போவுதும்மா."

"ரெண்டு பேருக்கும் வேலை போனா? வாடகையை அந்த செண்பகமா குடுப்பா?"



ஜூலை 19, சனி

மழை இல்லை. காற்று மட்டும்.

ஏஜென்சித் தாளைக் கையெழுத்துப் போடாமல் மே. மேஜையில் வைத்தேன். பார்த்தார். "உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியும் சார். "யோசிச்சுக்கோ." திரும்பும்போது மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன். பொறுக்கி அடுக்கிவிட்டுத்தான் வந்தேன்.

நாளை பத்து மணிக்கு எல்லோரும் முன்வாசலில் நின்று கடிதம் கொடுக்கிறோம். செண்பக அக்காவைத் திரும்ப எடுக்க வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். வாங்கி சீல் வைக்க வேண்டிய ரிசப்ஷனிஸ்டும் நான், கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தியும் நான். அதைச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா நேற்றிலிருந்து பேசவில்லை. ஆனால் யூனிஃபார்ம் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். வேலைக்கா, கடிதம் கொடுக்கவா, கேட்கத் தைரியம் இல்லை. விடியுமுன் போன் வந்தால் எடுக்கப் போவதில்லை. எல்லாப் பெயரையும் போடப் போகிறேன். செண்பகம். பேச்சியம்மாள்.

மற்றதை அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும். நாலு தடவை அடுப்படி வரை போய்த் திரும்பிவிட்டேன். இங்கே எழுதிப் பார்க்கிறேன், காலையில் நாக்கு எழ வேண்டும்.

அம்மா, நாளைக்கு நீ வரணும். பின்பக்கமா வராத. முன்வாசல் வழியா, எல்லாரும் பாக்க வா. வந்து என்னை மேடம்னு சொல்லாத. வீட்டுல கூப்பிடுத மாதிரி, ஏட்டி கோமுன்னு கூப்பிடு.