படித்துச் சொன்னவள்

ஜூலை 3

எட்டுப் பேருக்குக் கட்டிய அறையில் நேற்றுவரை இருபது பெண்கள். இன்று இருபத்தொன்று. புதிதாக வந்தவள் பெயர் சிந்தே வடாகா. மலைமேல் சுரங்கத்துக்கு ரோடு போட வந்த வண்டிகளை மறித்தாளாம்; அதிகாரியைக் கோடாலியால் வெட்ட வந்ததாக வழக்கு. பெண் வார்டர் என்பதால் நான்தான் சோதனை போட்டேன். சேலையை அவிழ்க்கச் சொன்னபோது எங்கள் குயி மொழியில் கேட்டாள், "நீ எந்த ஊர்ப் பொண்ணு?"

நான் அதிகாரிகள் பேசும் ஒடியாவில் பதில் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன்?

ஜூலை 6

கக்கூஸ் கழுவும் வேலை சிந்தேவுக்கு. யாரும் யோசிக்கக்கூட இல்லை. மருமகளை எரித்ததாக வந்திருக்கும் நகைக்கடைக்காரர் மனைவிக்குக் கட்டில், வீட்டுச் சாப்பாடு. இரண்டு பேருமே விசாரணைக் கைதிகள்தான். தலைமை வார்டர் பிரமிளா சொல்கிறாள், "மலைக்காரி, வேலை செஞ்சு பழகினவ. அந்தம்மா குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்."

நானும் மலைக்காரி என்பது பிரமிளாவுக்கு மறந்துபோகும். எனக்கும்தான், இந்தச் சீருடையில்.

ஜூலை 9

மழை. எண்ணிக்கை சரி.

ஜூலை 11

ஜெயிலர் மகாபாத்ரா கூப்பிட்டார். உட்காரச் சொன்னார் — ஒன்பது வருஷத்தில் முதல் முறை. ஒரு தாளை நீட்டினார். வெளியாட்கள் தூண்டிவிட்டுத்தான் மறியலுக்குப் போனேன், இனிப் போகமாட்டேன், என் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது.

"ஜாமீன் பேப்பர்னு சொல்லு. உங்க பாஷையில சொன்னா கைநாட்டு வச்சிடுவா."

போய்ச் சொன்னேன்.

சிந்தே தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "நீ படிச்சியா?"

படித்தேன் என்றேன்.

"அப்ப சரி." கட்டைவிரலை நீட்டிவிட்டாள். கக்கூஸ் ஆசிட் பட்டு வெளுத்து, வெடித்த விரல். மைப்பெட்டியைத் திறந்தேன். மூடினேன். மை காய்ந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். பார்த்தால் என் கை முழுக்க மை.

ஜூலை 12

தாளில் இருப்பதைச் சிந்தேவிடம் சொன்னேன். நேற்றுச் சொன்னது பொய் என்றும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

அவள் மாட்டேன் என்கிறாள் என்று ஜெயிலரிடம் சொன்னேன். சிரித்தார். "வைப்பா."

ஜூலை 15

நேற்று எனக்கு லீவு. இன்று வந்தால் சிந்தேவைக் காணோம். கைநாட்டு வைக்கவே இல்லையாம்; சாமான் அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு உள்ளங்காலும் — எழுத வரவில்லை. வீங்கி, கறுத்து, பிரம்பின் தடம் தடமாக. கக்கூஸில் வழுக்கி விழுந்தாளாம், பிரமிளா சொல்கிறாள். வழுக்கி விழுந்தா உள்ளங்காலிலயாடி அடிபடும்? அங்கே கேட்கத் துப்பில்லை, இங்கே வந்து நோட்டுகிட்ட கேக்குறேன்.

அவள் விழுந்ததைப் பார்த்ததாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். லீவில் இருந்த நான். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். இன்னும் எத்தனை நாளைக்கு?

ஜூலை 18

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சுரங்கத்துக்கு லாரி ஓட்டுகிறவர். "அவ என்ன உன் கூடப் பொறந்தவளா? போட்டுட்டு வேலையைப் பாரு" என்றார்.

இல்லைதான். எனக்கு எந்த உறவும் இல்லாத ஒருத்தி என்னை நம்பி விரலை நீட்டினாள். அதுதான் நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

ஜூலை 21

மாவட்ட நீதிபதி பார்வையிட வந்தார். பெண்களை வரிசையாக நிறுத்தினோம். குறை ஏதாவது உண்டா என்றார். இல்லை ஐயா, இல்லை ஐயா என்று வரிசை முடிந்தது. திரும்பும்போது பூட்டிய கதவைப் பார்த்து என்ன அறை என்று கேட்டார். அரிசி மூட்டை என்றார் ஜெயிலர்.

"உள்ள ஆள் இருக்கு ஐயா."

சொன்னது நான்தான். சாவியும் என்னிடம்தான் இருந்தது. திறந்தேன்.

சிந்தேவால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடி குயியில் பேசினாள், அவசரப்படாமல். என்ன சொல்கிறாள் என்று நீதிபதி என்னைக் கேட்டார். ஒன்று விடாமல் ஒடியாவில் சொன்னேன். "இந்த வார்டரும் முதல்ல பொய்தான் சொன்னா" என்றாள். அதையும் சொன்னேன்.

ஜூலை 25

சிந்தே ஆஸ்பத்திரியில். எனக்கு சஸ்பென்ஷன். அனுமதியில்லாமல் கதவைத் திறந்தேனாம்.

ஆகஸ்ட் 2

வீட்டில் பேச்சில்லை. துவைத்த சீருடையையே மறுபடி துவைத்தேன்.

ஆகஸ்ட் 29

மகாபாத்ராவைப் பெரிய ஜெயிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனையா, பரிசா?

சிந்தேவுக்கு ஜாமீன். வழக்கு அப்படியே இருக்கிறது. எதற்கென்று தெரியாமலே கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் தன் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு தடி. என்னைப் பார்த்து அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிந்தே இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "படி."

ஜாமீன் உத்தரவு. வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கைநாட்டு வைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை மலைப்பக்கம் போகக் கூடாது.

"இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"எங்க வயல் அங்கதான இருக்கு."

"ஆமா."

தாளை வாங்கி மடித்துச் செருகிக்கொண்டாள். மலைக்குப் போகும் பஸ் வந்தது. தடியை ஊன்றி எழுந்து, பெண்கள் தாங்க, ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நானும் ஏறினேன்.