பார்த்து எழுதிய யாப்பில் நீ சேர்த்த விதி

அன்பு மச்சான்,

நீ இறந்தபின் வந்த முதல் குளிர்காலம் ஒருவாறு கழிந்தது. உன் மருமகள், அதுதான் என் மகள், சட்டம் படிக்கிறாள். அமெரிக்காவில் முதன்முதலில் அரசியலமைப்பை எப்படி எழுதினார்கள் என்பது இப்போது அவளுக்குப் பாடம். சோறு போட்டுக்கொண்டே அவள் வாயைக் கிளறினேன். உனக்கும் இதுகளில் பைத்தியம் அல்லவா, கேள்.

அங்கே குடியேறப் போனவர்களில் சிலர், தங்கள் வியாபாரக் கம்பனிக்கு அரசன் கொடுத்த பத்திரத்தையே கையோடு கொண்டுபோய், அதை வைத்தே ஊரை ஆண்டார்களாம். பிறகு அரசனோடு முறித்துக்கொண்டபோது பல மாநிலங்கள் புதிதாக எழுதின. இரண்டு மட்டும் அரசனின் அதிகாரத்தை நீக்கிவிட்டு, அவன் கொடுத்த பழைய பத்திரத்தையே வைத்துக்கொண்டன.

"அப்ப, பாத்தெழுதினதோ?" என்றேன்.

"நொர்மால், பப்பா. வழமைதான். எல்லாரும் ஒண்டைப் பாத்துத்தான் எழுதினவை. புதுசா என்னத்தைச் சேர்த்தவை எண்டுதான் பாக்கோணும்" என்றாள், பிரெஞ்சும் தமிழுமாய்.

எனக்கு உன் யாப்பு நினைவுக்கு வந்தது.

யுத்தம் முடிந்த பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திருத்த இங்கே லா சப்பலில் சங்கம் தொடங்கினோம். சங்கத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பை எழுதும் வேலையை உன் தலையில் கட்டினோம். நீ பக்கத்து ஊர்ச் சங்கத்தின் யாப்பைப் பார்த்து எழுதினாய். ஏழாம் விதியில் அவர்களுடைய ஊர்ப் பெயர் அப்படியே கிடந்தது. செயலாளரான நான் அதைக் கூட்டத்தில் உரக்க வாசித்துக் காட்டினேன். மண்டபமே சிரித்தது. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போன நீ, பிறகு சங்கத்தின் பக்கமே வரவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, உன் யாப்பையே ஏற்றுக்கொண்டோம். பிறந்தநாள் வீடுகளில் உன்னைக் கண்டால் தலையசைப்போடு சரி. எனக்கு வீம்பு.

அன்று சாப்பிட்டு முடித்ததும், மகளும் நானும் இரண்டு யாப்பையும் மேசையில் விரித்துப் பார்த்தோம். வரிக்கு வரி ஒன்றுதான், கள்ளா! கடைசி விதி மட்டும் அவர்களிடம் இல்லை.

"கூட்டத்தில் கோபித்துக்கொண்டு போனவரை ஒரு மாதத்துக்குள் செயலாளர் வீடு தேடிப் போய் அழைத்துவர வேண்டும்."

இதை எப்போது யோசித்தாய், மச்சான்? யாரை நினைத்து எழுதினாய்? சிரிப்புக் கிடைத்த ஏழாம் விதிக்கு மேல் நான் வாசிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

உன் மனைவியும் அன்றிலிருந்து சங்கத்துக்கு வருவதில்லை. வருகிற சனிக்கிழமை செவ்ரானுக்குப் போய், உன் வாசலில் நின்று அவரை அழைப்பேன். கதவு திறக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போவேன். இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டியவன்,
ஒரு மாதத்தில் வந்திருக்க வேண்டிய உன் மச்சான்.