ஐந்துக்கு நாலு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்கால் வலி குறைந்ததா? குறையாவிட்டாலும் குறைந்தது என்றுதான் எழுதுவாய்.

தச்சுப் பட்டறை இருக்கிற கொட்டகையை ஆகஸ்டுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மரத்தையும் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? உன் ஊர்ச் சதுப்பில் அப்பா விட்டுப்போன நாணல் நிலம் ஒன்றுதான் இருக்கிறது. ஓரமாக மண்ணடித்து ஒரு பட்டறையும் இரண்டு அறையும் கட்டினால், சாயங்காலம் உன் வீட்டுக்கு நடந்தே வரலாம். நீயும் எத்தனை வருஷம் ஒண்டிக்கட்டையாக இருப்பாய்?

இதற்குள் உங்கள் நகர மன்றம் அந்தச் சதுப்பு முழுவதையும் கட்டடம் கூடாத இடமாக அறிவிக்கப் போகிறதாமே. நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம், நடுவில் நீ. சம்பந்தப்பட்ட உறுப்பினர் வெளியே போய்விட வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா? எழுந்து போய்விடு. சரிசமமாக நின்றால் தீர்மானம் விழுந்துவிடும். உன்மேல் பழியும் வராது.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் வலி குறைந்துவிட்டது.

நேற்று கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிஷம். ஒரு பள்ளி ஆசிரியை நீர்க்கோழிப் படங்களை வரிசையாகக் காட்டினார். அவை எந்த வருஷம் வீட்டு வரி கட்டின என்று உன் பக்கத்து நிலத்துக்காரர் கேட்க, தலைவரே சிரித்துவிட்டார். பிறகு கீழ்த்தெருத் தையல்காரி எழுந்தாள். மேற்குச் சதுப்பைத் தூர்த்துக் கட்டியதிலிருந்து, மழை வந்தால் தையல் மெஷின் கட்டில்மேல்தானாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் இடத்துல தண்ணி நிக்கணும்னா, நான் எங்க போய் நிக்கறது?" என்று நிலத்துக்காரர் கேட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது.

வெளியே போகிறேன் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் பத்திரத்தைப் பார்த்தார். சொந்தப் பங்கு இருந்தால்தான் வெளியே போக வேண்டுமாம். என் பங்கைத்தான் நீ கேட்டபோதே உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேனே. "உங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லம்மா, உக்காந்துதான் ஆகணும்" என்றார்.

அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

கையெழுத்து கேட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்று எழுத வந்தேன். நீ சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் தெரியாத ஊரில் புதிதாக ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் வரவில்லை. சதுப்பு இருக்கட்டும் என்று கை தூக்கினேன். ஐந்துக்கு நாலு.

நீ வருவாய் என்று பக்கத்து அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். அதனால் யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்காதே. உனக்குப் பின்னால் பதினோரு நிலத்துக்காரர்கள் மண் லாரியோடு நிற்கிறார்கள். உனக்கு மட்டும் விட்டால் அது அநியாயம். எல்லோருக்கும் விட்டால் கீழ்த்தெரு முங்கிவிடும். உன் பட்டறைக்கு வேறு இடம் தேடி நான் அலைகிறேன். அறை அப்படியேதான் இருக்கிறது. என்னைத் திட்டிக்கொண்டாவது வா.

அக்கா

ஏப்ரல் 19

பெறுநர்: ஒன்பதாவது வார்டு உறுப்பினர்

அம்மையீர்,

மேற்படி தீர்மானத்தால் என் நிலத்தை அனுபவிக்கும் உரிமை பறிபோவதால், என் ஆட்சேபத்தை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். அந்நிலம் தவிர எனக்கு அவ்வூரில் வசிப்பிடமோ உறவினரோ இல்லை என்பதைக் கருத்தில் கொள்ளவும்.

இப்படிக்கு,
நில உரிமையாளர்

மே 3

தம்பி,

உறுப்பினருக்கு வந்த கடிதத்தை அன்றே அலுவலகத்தில் சேர்த்துவிட்டேன். ரசீது இத்துடன் இருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய். விட்டுவிடாதே.

அக்காவுக்கு ஏதாவது வைத்திருப்பாயோ என்று உறையைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

செயலாளர் உன் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இத என்னம்மா பண்றது?" என்றார். மனுதாரர் எழுதினபடியே பதிந்துகொள்ளச் சொன்னேன்.

அக்கா