பாண்காரருக்கும் ஒரு பக்கம்

எல்ஸ்விக்கம், இங்கிலாந்து
8 செப்டம்பர் 2024

அன்பின் தங்கச்சி அற்புதமலருக்கு,

வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதனால்தான் தபால். நானும் தர்மிளாவும் சுகம்.

இங்கே ஊர் வரலாறு எழுதுகிறார்கள். கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை என் தலையில். நாங்கள் வேறு சபை என்றாலும் கோயில் சாவியையே தந்துவிட்டார்கள். ஓர் அநியாயம் கேள். என் கடை இருக்கும் கட்டடம் முன்பு பெல்லமி குடும்பத்தின் பேக்கரி. மூன்று தலைமுறையாக ஊருக்கே பாண் போட்டவர்கள். பதிவில் ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. வேறு சபைக்குப் போனார்களாம், பாதிரியார் எழுதவில்லை. பாணைத் தின்றுவிட்டுப் பெயரை விட்டிருக்கிறார்கள்! எனக்கு வயிறு எரிகிறது.

நவம்பரில் அப்பாவின் முதலாம் ஆண்டு. பூசையைப் பாரிஸில் வைப்போமா?

அண்ணா,
சுரேன்


ஸ்தேன், பிரான்ஸ்
21 செப்டம்பர் 2024

அன்பின் அண்ணாவுக்கு,

பாண்காரருக்காக வயிறு எரிகிறீர்கள், நல்லது. அப்பாவின் மரண அறிவித்தலை எழுதியது யார்?

கடைசி நாலு மாதமும் அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கஞ்சி பருக்கியது என் மனுசன் தவசீலன். பாரிஸில் லா சப்பல் தமிழ்க் கடைச் சுவரில் ஒட்டிய அறிவித்தலில் 'தர்மிளாவின் அன்பு மாமனாரும்' என்று மட்டும் இருந்தது. சைவக்காரன் உங்களுக்கு மருமகன் இல்லை. அவர் கையில் முருங்கைக்காயுடன் நின்று வாசித்தார். "இது காணுமோ, இன்னும் ஒரு கட்டு வாங்கவோ?" என்றுதான் கேட்டார். வீதியில் நின்று அழுதது நான்.

இதில் பாதிரியார் யார், அண்ணா?

அற்புதமலர்


எல்ஸ்விக்கம்
2 ஒக்டோபர் 2024

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தர்மிளாவும் வாசித்தாள். இரண்டு நாளாக எனக்குத் தேத்தண்ணி இல்லை.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை இத்துடன் வைத்திருக்கிறேன். 'தவசீலன், தர்மிளா ஆகியோரின் அன்பு மாமனாரும்' என்று எழுதியிருக்கிறேன். அவரிடம் காட்டு. அவர் ஓம் என்றால்தான் ஒட்டுவது. பூசைக்கு வந்தால் உங்கள் வீட்டில் தங்கலாமா என்றும் கேள். எனக்குக் கேட்க முகமில்லை.

சுரேன்


ஸ்தேன்
27 ஒக்டோபர் 2024

அன்பின் அண்ணாவுக்கு,

அவர் அஞ்சலியை வாசித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நேற்று லா சப்பலில் தானே ஒட்டினார். அப்பாவின் படம் சரிந்திருக்கிறதென்று கழற்றித் திரும்பவும் ஒட்டினார்.

ரயிலில் வரும்போது உங்கள் முதல் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

"அந்தப் பாண்காரற்றை பேர் ஊர்ப் புத்தகத்திலை ஏறிட்டுதோ?"

தெரியாது என்றேன்.

"உன்ரை அண்ணையைக் கேள். ஏத்திப்போட்டு வரச்சொல்லு. கார் து நோர் ஸ்டேசனுக்குக் கூட்டிவர நான் போறன்."

தங்கச்சி,
அற்புதமலர்