பேணுதலான பிள்ளை

2025 ஏப்ரல் 7, திங்கள்

மதினி ஸகியா வந்துபோனாள். என் புருசன் மிஹ்லாரின் ராத்தா, அவருக்கு மூத்தவள். எதைத் தின்ன வேண்டும், எதைத் தின்னக் கூடாது என்று மருதமுனையில் இருந்துகொண்டு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வீடியோ போடுகிறவள். இன்றைய கண்டுபிடிப்பு: சோறு நஞ்சு. அவள் புருசனுக்கு அரிசி ஆலை இருக்கிறது. அந்த நஞ்சை மூட்டை மூட்டையாக விற்றுத்தான் போன் வாங்கினாள். வீடியோவில் அதைச் சொல்வதில்லை.

போகும்போது என் மகள் சிபானாவை மேலும் கீழும் பார்த்தாள். "மாஷா அல்லாஹ், நோன்போட மெலிஞ்சு வடிவா வந்திட்டாய். இப்பிடியே வச்சுக்க மகள்."

பதினாலு வயது. வளர்கிற பிள்ளை. இப்படியே வைத்துக்கொள்ள அவள் என்ன அலுமாரிச் சாமானா?

ஏப்ரல் 17, வியாழன்

ரமழான் முழுக்கப் பிடித்தாள். பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பையும் பிடித்துவிட்டாள். இனித் திங்களும் வியாழனும் பிடிக்கப் போகிறாளாம். மிஹ்லாருக்குப் பெருமை தாங்கவில்லை. வயலில் இருந்து வந்த சேற்றுக் காலோடு வேலியடியில் நின்று, "மார்க்கத்தில பேணுதலான பிள்ளை" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார். மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் யோசிப்பார்.

மே 5, திங்கள்

நோன்பு திறந்தாள். பேரீச்சம்பழம், தண்ணீர். கஞ்சியில் கரண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். "வயிறு நிறைஞ்சிட்டு உம்மா." பிறகு அதைத் தம்பி ஸாஜித்தின் வாயில் தீத்தினாள். எல்லாருக்கும் சமைத்துப் போட ஆசை, தான் மட்டும் தொடமாட்டாள். விடியமுன் ஸஹருக்கு எழும்பிச் சாப்பிடுவதாகச் சொல்கிறாள். விடிந்து பார்த்தால் சோற்றுக் கோப்பை நனையவேயில்லை.

மே 14

பள்ளிக்கூடத்தில் ஆரோக்கிய உணவு வாரமாம். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியை எல்லாருக்கும் முன்னால் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார் டீச்சர். சிபானாவின் வெள்ளரித் துண்டுகளுக்குக் கைதட்டல். பரோட்டா கொண்டுபோன பிள்ளை அழுதாளாம்.

நல்ல சாப்பாடு எது என்று படிப்பிப்பது ஒன்று. ஒரு பிள்ளையின் பெட்டியைத் திறந்து வெட்கப்படுத்துவது வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாமலே பட்டம் கொடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்குக் கைதட்டு விழுந்ததில் மிஹ்லாருக்குப் பரம சந்தோசம்.

மே 29, வியாழன்

துணி காயப்போட்டுக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. அப்படியே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரமழானில் ஒரு நாள்கூட அவள் நோன்பை விடவில்லை. ஆறு நோன்பும் தொடர்ந்து பிடித்தாள். அதற்குப் பிறகும் விடவில்லை. பெரியபிள்ளையாகி இரண்டு வருடமாகிறது. பெண்களுக்கு நோன்பு இல்லாத நாட்கள் மாதாமாதம் வருமே - இவளுக்கு அவை எங்கே போயின?

கேட்டேன். சுவரைப் பார்த்தாள். "வாறல்ல உம்மா. நோன்புக்கு முதல்ல இருந்தே."

மிஹ்லாரிடம் சொன்னேன். "இந்த வயசில அப்பிடித்தான் இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும், பாப்பம்." டொக்டர் மிஹ்லார். நெல்லு மஞ்சளித்தால் மட்டும் விவசாயக் கந்தோருக்கு ஓடத் தெரியும்.

ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள்

பெருநாளன்று நோன்பு பிடிக்க மார்க்கத்தில் இடமில்லை. பிள்ளைக்கு ஒளிய இடம் இல்லாமல் போய்விட்டது. விடிந்ததில் இருந்து முகம் வெளுத்துப்போய், சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தபோது இவள் மட்டும் தண்ணீர் கொண்டுவருகிறேன், தயிர் கொண்டுவருகிறேன் என்று நடந்துகொண்டே இருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஸகியா அவளைச் சுவரோரம் நிறுத்தினாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமிட வீடியோவுக்கு நீதான் சாட்சி மகள். பழைய போட்டோவையும் இதையும் பக்கத்தில பக்கத்தில போடுவம்" என்றாள்.

சிபானா சிரிக்கப் பார்த்தாள். அப்படியே சுவரில் சரிந்து விழுந்தாள்.

ஸகியா சொன்னது: "வெயில் போல." போன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

பறித்தேன். "அழிங்க மதினி."

"பஹ்மிதா, பெருநாளும் அதுவுமா..."

"அழிங்க. பழைய போட்டோவையும் அழிங்க."

"நான் நல்லதுக்குத்தானே சொன்னன்."

"நீங்க புரியாணி ரெண்டாந்தரமும் போட்டுத் திண்டீங்க. அதை வீடியோவில காட்டுங்க."

போனை அவளிடம் நீட்டினேன். அழித்தாள்.

மடியில் கிடந்துகொண்டு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "எழும்பினா கண் இருட்டுது உம்மா. நிப்பாட்டப் பாத்தன், ஏலல்ல. எல்லாரும் நல்லம் எண்டுதானே சொன்னாங்க."

எல்லாரும். அந்த எல்லாரையும் என்ன செய்யிற?

ஜூன் 9

ஆஸ்பத்திரி வார்ட்டில் வைத்திருக்கிறார்கள். நெஞ்சுத் துடிப்பு மெதுவாம். பிள்ளைகளுக்கான டொக்டர் இளம் பெண். திமிரும் இல்லை, வெறும் பேணுதலும் இல்லை, இது நோய், வைத்தியம் இருக்கிறது என்றார். "ஏசித் தீத்த வேணாம். அவட உடம்பைப் பத்தி ஒருத்தரும் கதைக்க வேணாம், புகழவும் வேணாம். சுகமாகும்வரை நோன்பும் இல்ல."

மிஹ்லார் தலையாட்டினார். பிறகு கன்டீன் பக்கம் போய் நின்று அழுதாராம், ஸாஜித் கண்டிருக்கிறான். அழட்டும்.

ஜூன் 21

வீட்டுக்கு வந்துவிட்டோம். சிபானாவுக்குக் கண்ணூறு என்று மருதமுனையில் கதையாம். ஸகியாவின் போனுக்குக் கண் இருப்பது உண்மைதான்.

ஜூலை 18

கெட்ட நாள். கோப்பையைத் தள்ளிவிட்டு, "நீங்க என்னை ஊதிப்போக வைக்கப் பாக்கிறீங்க" என்று கத்தினாள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது மிஹ்லார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் ஒரு பிடி எடுத்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு வயலை விட்டு வருகிற ஆளல்ல அவர். இப்போது தினமும் வருகிறார். மனிதரைப் பற்றி இங்கே எழுதியதில் ஒரு வரியை வெட்டலாம். ஒரு வரி மட்டும்.

ஆகஸ்ட் 11

கிளினிக். பரவாயில்லை என்றார் டொக்டர். அதிகம் சந்தோசப்பட வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கிறது. எனக்கு ஒருவரைப் பிடிப்பது அபூர்வம்.

செப்டெம்பர் 26, வெள்ளி

பகல் சோறு, பாரைமீன் கறி, கீரை. மாதக்கணக்காகச் சாப்பாட்டைப் பற்றி அவள் சொல்வது ஒரே சொல்: "போதும்." இன்று இரண்டாவது பிடியில் நிறுத்தி, முகத்தைச் சுழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கறிக்கு உப்புக் காணாது உம்மா."

என் கறியைக் குறை சொல்லிவிட்டு இந்த வீட்டில் ஒருவரும் தப்பியதில்லை. மிஹ்லார் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார்.

எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தேன்.